கடிகாரம் இல்லாத ஏழு நொடிகள்

அத்தியாயம் ஆறு

வரிசையில் நின்ற நூற்றுச் சொச்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டே கொட்டாவி விடும் கூட்டத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காலை பத்து மணி என்பது அவர்களுக்கு நடுராத்திரி. நர்ஸ், வாட்ச்மேன், லாரி டிரைவர், பேக்கரியில் மாவு பிசைபவர் என்று எல்லோருமே ராத்திரி வேலைக்காரர்கள். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ரேடியோவில் அவர்களுக்குத் துணையிருந்த மனிதர் செத்து அன்றோடு நான்கு நாள்.

அவருக்கு ராக்கோழி என்று பெயர் வைத்தது நேயர்கள்தான். அவர் பதிலுக்கு நேயர்களின் பெயரைக் கேட்டதே கிடையாது. போனில் யார் வந்தாலும், "பேரு வேண்டாம், என்ன வேலை பார்க்கறீங்க? சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்" என்பார். அதனால் ரேடியோ நிலையத்து வாசலில் மேசை போட்டு வைத்திருந்த அஞ்சலி நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை.

"நைட் டியூட்டி நர்ஸ், நாலாவது வார்டு. இனிமே ரெண்டு மணி ரவுண்ட்ஸ் போறப்ப யாரை நினைச்சுக்கிட்டுப் போறது அண்ணே?"

"தண்ணி லாரி. வண்டியில இருந்து ரேடியோவைக் கழட்டிட்டேன்."

"தூக்கம் வராத கணக்கு வாத்தியார். தூங்க வெச்சதுக்கு நன்றி. இப்ப மறுபடியும் தூக்கம் போச்சு."

மேசையை ஒட்டிச் சுவரோரமாக டிரான்சிஸ்டர்கள், பேட்டரிகள், டார்ச் லைட்டுகள் குவிந்து கிடந்தன. யாரோ ஒரு தலையணையைக்கூட வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பக்கம் முழுக்க ஒரே வரி, கொட்டை எழுத்தில்.

"அந்த லாண்டரிக்காரியைச் சும்மா விடக் கூடாது."

நான் அதைப் படித்தபோது லாண்டரிக்காரி மாஸ்க் போட்டபடி என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அதையே படித்துக்கொண்டிருந்தாள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராக்கோழியின் கடைசி நிகழ்ச்சியில் கடைசியாகப் போனில் பேசியவள் இவள். ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் ராத்திரி ஷிப்ட். வாயை மூடிக்கொண்டு போய்விடுங்கள் என்று அவரை ஊரறியத் திட்டினாள். அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு தினமும் சொல்லும் அதே விடைபெறும் வார்த்தைகள்: "சரி, நான் கிளம்பறேன். லைட்டை அணைச்சிட்டுத் தூங்குங்க. தூங்கி எழுந்தா எல்லாம் சரியாயிடும்." மறுநாள் காலை நிலையத்தின் பின்பக்கப் படிக்கட்டின் அடியில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். மனமுடைந்து மூன்றாம் மாடியிலிருந்து குதித்துவிட்டார் என்று போலீஸ் கோப்பை மூடத் தயாராக இருந்தது. 'நான் கிளம்பறேன்' என்பதற்கு ஊரே ஒரு புது அர்த்தம் கண்டுபிடித்திருந்தது. லாண்டரியில் கூட வேலை செய்தவர்கள் அவள் குரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நேற்று அவள் எங்கள் ஆபீசுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் கேட்டாள்.

"நான் அவரைக் கொன்னேனா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம். கொன்னிருந்தா நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

தன் மேலேயே சந்தேகப்பட்டு வந்த ஒரே கட்சிக்காரி. அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. மேடத்துக்கும் பிடிக்கவில்லை. அதனால்தான் அவளைத் தனியாக விடாமல் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேடம் என்றால் எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, மூளை, வாய் எல்லாம். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். இடது காது சுத்தமாகக் கேட்காது. நான் கொசு. காதருகில் ஓயாமல் ரீங்காரம் போடுகிறேன் என்று மேடம் வைத்த பெயர். வயது முப்பத்தெட்டு. என் தலைமுடி மட்டும் இருபத்தெட்டிலேயே விருப்ப ஓய்வு பெற்றுவிட்டது.

"நீங்க என்ன வேலைம்மா?"

எங்களுக்கு முன்னால் நின்ற கனத்த மனிதர் திரும்பி லாண்டரிக்காரியைக் கேட்டார். நகக்கண்ணில் வெள்ளையாக மாவு. கேள்வி கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அவள் விறைத்துப்போனாள். இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் தீர்ந்தது.

"அவங்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு சார்" என்றேன் நான். "நாலு நாளா அழுதா பாவம் அது என்ன பண்ணும்? நீங்க?"

"பேக்கரி. ராத்திரி மாவு பிசையறவன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணிமையில் மாவு ஒட்டிக்கொண்டது. "ஆறு வருஷம் சார். ஒரு நாள் விடாம ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். என் பொண்டாட்டி பேச்சைக்கூட இவ்வளவு கவனமாக் கேட்டதில்ல."

மேடத்தின் நல்ல காது அந்தப் பக்கம் திரும்பியது.

"கடைசி நாளையும் ரெக்கார்ட் பண்ணினீங்களா?"

"பண்ணினேன். ஆனா போட மாட்டேன்."

"அதுக்கு முந்தின நாள்?"

அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. பையிலிருந்து கைக்கடக்கமான ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துச் சுவர்மேல் வைத்து, போனில் தேடிப் போட்டார். ராக்கோழியின் கரகரத்த குரல் வந்ததும் வரிசையில் ஐந்தாறு தலைகள் குனிந்தன. ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்போ பத்து நொடி வரும் பாருங்க" என்றார் பேக்கரிக்காரர். "தினமும் ஒரு தடவை பத்து நொடி ஒண்ணும் பேச மாட்டார். போன் பண்ணத் தைரியமில்லாதவங்களுக்கு இந்தப் பத்து நொடின்னு சொல்லுவார். நாங்க அவங்கவங்க கஷ்டத்தை மனசுக்குள்ள சொல்லிக்குவோம். அவரோட கடிகாரச் சத்தம் மட்டும் கேக்கும்."

மேடம் காதை வைக்கவில்லை. ஆள்காட்டி விரலை ஸ்பீக்கரின் வலைமேல் வைத்தார். காது சரியில்லாதவர்களுக்கு விரல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் என்பது அவர் கட்சி. டிக், டிக், டிக். பத்து எண்ணிவிட்டுத் தலையாட்டினார்.

"இப்போ கடைசி நாளைப் போடுங்க."

"மாட்டேன்மா."

"அவர் ஏன் செத்தார்னு தெரிய வேண்டாமா?"

"அதான் தெரியுமே! அந்தப் பொம்பளை..." அவர் குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டுவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீளமான பாட்டு ஒன்று முடிந்தது. 'சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்' என்றார் ராக்கோழி. அப்புறம் அவள்.

"நீங்க பொய் சொல்றீங்க. தூங்கி எழுந்தா எல்லாம் சரியாயிடும்னு தினமும் சொல்றீங்களே. என் தம்பிக்கு நெஞ்சு வலிச்சுச்சு. ஆஸ்பத்திரிக்கு வாடான்னு கெஞ்சினேன். ரேடியோ அண்ணன் சொல்ற மாதிரி தூங்கி எழுந்தா சரியாயிடும்க்கான்னு சொல்லிட்டுப் படுத்தான். எழுந்திருக்கவே இல்ல. ஒரு மாசம் ஆகுது. இனிமே யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க. வாயை மூடிக்கிட்டுப் போயிடுங்க..."

போன் வைக்கும் சத்தம். மௌனம். பிறகு, "சரி, நான் கிளம்பறேன்."

லாண்டரிக்காரி மாஸ்க்குக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மாஸ்க்கில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. நான் சட்டென்று அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"கொசு, மௌனம் எத்தனை நொடி?"

"ஏழு மேடம்."

"பத்து இல்லையே?"

"மனசு உடைஞ்சவர் எண்ணிக்கிட்டா இருப்பார்?"

மேடம் ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தார். விரலை எடுத்துப் பார்த்தார். ஸ்பீக்கரைத் துடைத்தார். மறுபடி போடச் சொல்லி மறுபடி விரலை வைத்தார். மூன்றாவது தடவை வைத்தபோது அவர் முகம் மாறியது. அந்த முகத்தை நான் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அது வந்தால் யாரோ ஒருத்தருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

"இதை எங்க கொசுவோட போனுக்கு அனுப்புங்க" என்றார் பேக்கரிக்காரரிடம். "ஸ்பீக்கரையும் கொஞ்சம் கடன் குடுங்க. கலைஞ்சு போயிடாதீங்க. கொஞ்ச நேரத்துல வேலை இருக்கு."

*

மூன்றாம் மாடியில் ஸ்டூடியோ. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் மைக், ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன். இந்தப் பக்கம் பட்டன்கள் நிறைந்த கன்சோல். கன்சோலில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் ஃபேடர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தள்ளு பட்டனுக்குத்தான் ஃபேடர் என்று பெயர். பதினான்கு வருடமாக அதைத் தள்ளித் தள்ளி மனிதருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலில் அஞ்சலி நோட்டு வைத்தவர் அவர்தான். நான்கு நாளாக ஷேவ் செய்யவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. அவர் அழுதது நடிப்பில்லை என்று இப்போதும் சத்தியம் செய்வேன்.

லாண்டரிக்காரியை என் உதவியாளர் என்று அறிமுகம் செய்தேன். எனக்கே ஓர் உதவியாளர் என்றதில் மேடத்துக்கு வருத்தம்தான்.

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது மேடம்? பாட்டு முடிஞ்சுது. அந்தப் பொண்ணு லைன்ல வந்தா. கத்தினா. அண்ணன் ஒண்ணுமே சொல்லல. தலையைக் குனிஞ்சு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான் கிளம்பறேன்னார். ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு, அதோ, அந்தப் பின்பக்கக் கதவைத் திறந்துட்டுப் போனார். வீட்டுக்குத்தான் போறார்னு நினைச்சேன். காலைல பெருக்கற அம்மா போன் பண்ணிச் சொன்னப்பதான்..."

"எனக்கு இந்தக் காது கேக்காது. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

இது மேடத்தின் பழைய வித்தை. உண்மையைச் சொல்கிறவன் இரண்டாவது தடவை சுருக்கிச் சொல்வான். மற்றவன் விரித்துச் சொல்வான்.

ஃபேடர் விரித்தார். "பாட்டு முடிஞ்சுது மேடம். அந்தப் பொண்ணு கத்தினா. அண்ணன் இந்தக் கண்ணாடி வழியா என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணெல்லாம் கலங்கி, உதடு துடிச்சு..."

"முதல்ல தலையைக் குனிஞ்சிருந்தார்."

"குனிஞ்சுட்டு... அப்புறம் பார்த்தார்."

"ரெண்டாவது ஷோவுல கண்ணீரைச் சேர்த்துட்டாங்க மேடம்" என்றேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"அது என்ன பெட்டி? சிவப்பு விளக்கோட?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் ஃபேடருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "அதுவா? எட்டு செகண்ட் பெட்டி மேடம். ரேடியோவுல சத்தமே இல்லாமப் போகக் கூடாது. எட்டு செகண்ட் சத்தம் வரலைன்னா இதுவே எழுந்து ஒரு மியூசிக்கைப் போட்டுரும். போட்டுட்டு ஆபீசுக்கு ரிப்போர்ட்டும் அனுப்பிடும். காலைல மெமோ வரும்."

"உங்களுக்கு வந்திருக்கா?"

"ரெண்டு. மூணாவது வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சுவரில் குத்தியிருந்த இரண்டு தாள்களைக் காட்டினார்.

"அப்போ அவர் தினமும் பத்து செகண்ட் சும்மா விட்டாரே. பெட்டி எழுந்திருக்காதா?"

ஃபேடர் நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்திருப்பார். "அங்கதான் மேடம் அண்ணனோட மூளை. மைக்குக்கு நாலு விரல் தள்ளி ஒரு சின்ன மேசைக் கடிகாரம் வெச்சிருப்பார். டிக் டிக்னு போயிட்டே இருக்கும். பெட்டி ஏமாந்துரும். அவர் பேசறப்பகூட உன்னிப்பாக் கேட்டா பின்னால அந்த டிக் டிக் இருக்கும்."

"கடைசி நாளும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கேக்கலை."

"அதே இடத்துலதான் மேடம் இருந்துச்சு!"

"கொசு, ஸ்பீக்கரைக் குடு. சார், விரலை இது மேல வைங்க."

நான் பேக்கரிக்காரர் அனுப்பியதைப் போட்டேன். லாண்டரிக்காரியின் குரல் முடிந்து போன் வைக்கும் சத்தம். மௌனம். ஃபேடரின் விரல் ஸ்பீக்கரின் மேல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. விரலுக்கு அடியில் ஒன்றுமில்லை. ஏழு வரை ஒன்றுமே இல்லை. பிறகு, "சரி, நான் கிளம்பறேன்." அந்தக் குரலுக்கு அடியில் டிக், டிக், டிக்.

ஃபேடர் சுட்டது மாதிரி விரலை இழுத்துக்கொண்டார்.

"ஏழு நொடி காணாமப் போன கடிகாரம்" என்றார் மேடம், "அவர் பேச ஆரம்பிச்சதும் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"அது... மைக்கைக் குறைச்சிருப்பேன் மேடம். அவர் நிலைமையைப் பார்த்துட்டு..."

"ரெண்டு மெமோ வாங்கினவரு, மைக்கைக் குறைச்சுட்டு ஏழு நொடி உட்கார்ந்திருந்தீங்களா? எட்டாவதுல பெட்டி எழுந்துடுமே."

ஃபேடரின் பார்வை பெட்டியின் சிவப்பு விளக்குக்குப் போனது.

"நான் சொல்றேன். கடிகாரம் இருந்தா அவர் பத்து நொடி விடுவார். ஏழுல பயந்து நிறுத்தினவர் கையில கடிகாரம் இல்ல. அது அவரே இல்ல. நீங்க. அந்த 'நான் கிளம்பறேன்', வேற ஒரு நாள் ரெக்கார்டிங்."

மேடம் கைப்பையிலிருந்து போலீஸ் கொடுத்த பட்டியலை எடுத்தார். "செத்தவர்கிட்ட இருந்த பொருள். ஒண்ணு, கைக்குட்டை. ரெண்டு, சாவிக்கொத்து. மூணு, சின்ன மேசைக் கடிகாரம், கண்ணாடி விரிசல், ஓடிக்கிட்டிருக்கு, அலாரம் முள் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால. சாகப் போறப்ப பிரியமான பொருளைக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கார்னு இன்ஸ்பெக்டர் என்கிட்ட உருகினார். ஏன் சார், சாகப் போறவன் திரும்பி வர்றதுக்கு அலாரம் வெச்சுட்டா போவான்?"

ஃபேடர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு எட்டு நிமிஷப் பாட்டு போடுவோம். அண்ணன் பின்பக்கப் படிக்கட்டுல போய்க் காத்து வாங்குவார். அங்க ஸ்பீக்கர் கிடையாது. பாட்டு முடியறது தெரியாது. அதனால கடிகாரத்துல அலாரம் வெச்சு எடுத்துட்டுப் போவார். அடிச்சதும் நிறுத்திட்டு வந்து உட்காருவார். அன்னிக்கு அலாரம் அடிச்சுது. நிக்கவே இல்ல. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"போய்ப் பார்த்தீங்க."

"படிக்கட்டு பல்பு ஃபியூஸ் போயி ஒரு வாரம். கதவைத் திறந்த வெளிச்சத்துல பார்த்தேன். கீழ கிடந்தார். வழுக்கியிருக்கணும். கையை அசைச்சார் மேடம். ஏதோ சொன்னார். பாட்டு முடிய நாப்பது செகண்ட்தான் இருந்துச்சு. நான்... திரும்பி வந்துட்டேன்."

"ஆம்புலன்சுக்கு?"

"டியூட்டியில இருக்கறவங்க மொபைல் எல்லாம் கீழ லாக்கர்ல. உள்ள கொண்டு வரக் கூடாது. இங்க இருக்கறது ஒரே லைன். அதுல அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருந்தா."

என் பக்கத்தில் நின்ற 'உதவியாளர்' ஓரடி பின்னால் போனாள். சுற்றி வளைத்து மறுபடியும் பழி அவள் தலையிலேயே வந்து விழப் பார்த்தது. மேடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"லைனைக் கட் பண்ண ஒரு விரல் போதும். இன்னொரு பாட்டைப் போட இன்னொரு விரல். அஞ்சு நிமிஷம் கிடைச்சிருக்குமே?"

"நாலு நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்." ஃபேடர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஒரு பட்டன் மேடம். ஒரே ஒரு பட்டன். ஆனா நிகழ்ச்சி ஷீட்ல அடுத்தது போன் காலர்னு எழுதியிருந்துச்சு. பதினாலு வருஷம் ஷீட்டைப் பார்த்துத் தள்ளின கை, அதையே பண்ணுச்சு. மூணாவது மெமோ, வீட்டுல நாலு பேரு, இதெல்லாம் தலைக்குள்ள ஓடுது. அண்ணன் கேட்டுட்டிருக்கேன்னு சொல்றது ரெக்கார்டா எங்கிட்ட ஒரு பட்டன்ல இருக்கு. அதை அழுத்தினேன். அவ பேச ஆரம்பிச்சா. உண்மையைச் சொல்லட்டுமா மேடம்? அவ கத்தக் கத்த எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அவ பேசற வரைக்கும் ரேடியோ காலியா இல்ல."

இத்தனை வருடத்தில் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறேன். யாரையும் பார்த்து இப்படிச் சில்லிட்டுப் போனதில்லை.

"அப்புறம்?"

"அவ வெச்சதும் அண்ணன் மாதிரியே பத்து விடணும்னு நினைச்சேன். ஏழுக்கு மேல கை தாங்கல. பழைய ரெக்கார்டிங்கைப் போட்டேன். ஒரு மணிக்கு ஸ்டேஷனை மூடிட்டு ஓடினேன். மூச்சு இல்ல."

"அலாரம் அடிச்சதுல இருந்து எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிஷம்."

"எட்டு செகண்டுக்குப் பயந்து" என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார். "அப்படியே விட்டுட்டு முன்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டீங்க. மறுநாள் ஊரே அந்தப் பொண்ணைத் திட்டினப்ப?"

"வாயைத் திறக்கல."

மேடம் எழுந்தார். "இதை இன்னொரு தடவை சொல்லணும்."

"கேக்கலையா மேடம்?"

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு. கீழ நிக்கறவங்களுக்கு."

*

அஞ்சலி நோட்டு வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று ஃபேடர் சொன்னார். இந்தத் தடவை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பாதியிலேயே அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். 'கையை அசைச்சார்' என்ற இடத்தில் அந்த நர்ஸ், "ஐயோ, எட்டு நிமிஷம் போதுமே, ஓடியாவது போய்க் கூப்பிட்டிருக்கலாமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணி லாரி டிரைவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போனேன். அடி எனக்கு விழுந்தது. எப்போதும் எனக்குத்தான் விழும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்னாரே. அதுவும் பட்டனா?"

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. குரலைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நொடி ஆகவில்லை. லாண்டரிக்காரி மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஃபேடர் அவளைப் பார்க்காமல் தலையாட்டினார்.

"அப்போ நான் சொன்னது அவருக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா" என்றார் மேடம். "ஒரு வார்த்தைகூடக் கேக்கல. நீ பேசினது ஒரு காலி நாற்காலிகிட்ட. நீ அவரைக் கொல்லல. வந்து கேட்டியே, இதுதான் பதில்."

அவள் நிம்மதியில் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கைக்குட்டையைக்கூடத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லல. வீட்டுல சொல்ல ஆளில்ல. வேலை செய்யற இடத்துல மெஷின் சத்தம். அவர் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். திட்டினேன், ஆனா அவர்கிட்டதான் சொன்னேன். அவரும் கேக்கலைன்னா... என் தம்பி செத்தது யாருக்குமே தெரியாதா?"

அவளைக் கொன்றுவிட வேண்டும் என்று நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. ஒருவரும் அசையவில்லை. அவள் தம்பியைப் பற்றிச் சொன்னதை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். கேட்டுவிட்டு, வாயை மூடு என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான். கேஸில் அவன் வெறும் ஒரு வரியாகத்தான் எனக்கு இருந்தான்.

மௌனம் ஏழு நொடியைத் தாண்டியது. எட்டையும் தாண்டியது. இங்கே எந்தப் பெட்டியும் எழுந்து மியூசிக் போடவில்லை.

பேக்கரிக்காரர் மேசைக்கு வந்தார். நோட்டைப் புரட்டி அந்தக் கொட்டை எழுத்துப் பக்கத்தைக் கிழித்தார். அதன் ஓரத்தில் மாவுக் கறை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். துப்பறியும் தொழிலில் எனக்கு இருக்கும் எதிர்காலம் அவ்வளவுதான். அவர் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தம்பிக்கு என்ன வயசும்மா?"

"இருபத்திரெண்டு."

"என்ன வேலை பார்த்தான்?"

அவள் வாயைத் திறந்தாள். கையிலிருந்த மாஸ்க்கை மடித்து மடித்து விரித்தாள். நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணி லாரி ஒரு டிரான்சிஸ்டரை நகர்த்திவிட்டுச் சுவரோரம் இடம் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒருவர் குந்தினார். கணக்கு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொருவராக அந்த வரிசை முழுவதும் தரையில் உட்கார்ந்தது. கொட்டாவி விட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேடம் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். நான் அவருடைய நல்ல காதை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"சொல்லும்மா" என்றார் பேக்கரிக்காரர். "கேட்டுட்டிருக்கோம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.